ஓரம் வெட்டிய ரொட்டி

வேலையில் சேர்ந்த முதல் நாளே ஜான்சன் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டான். யோசித்துச் சொன்னதில்லை. வாயில் முட்டை ருசி இன்னும் போகாதபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னது.

பூஞ்சேரிக்கு இந்தப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். அதற்குள் சாண்ட்விச் செய்கிறார்கள். இரண்டே வகை. ஒன்று ஜப்பான் வகை. செங்கல்பட்டுப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் ஜப்பான்காரர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளின் கீழே சின்னச் சின்னக் கடைகள் உண்டு, அங்கே போகிறது. மற்றது டெலி சாண்ட்விச், மேல்நாட்டுக் கடைகளில் கறி அடுக்கி விற்கிற வகை. மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் காபிக் கடைகளுக்கு.

ஜப்பான் சாண்ட்விச் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளேரென்று பால் ரொட்டி, நடுவில் அவித்து மசித்த முட்டை, அவ்வளவுதான். ஆனால் வெண்ணெயை நான்கு மூலை வரைக்கும் தடவ வேண்டும். விட்டுப்போன இடத்தில் ஈரம் ஏறி ரொட்டி சொதசொதத்துவிடும். முட்டையை நடுவில் மேடாகக் குவிக்க வேண்டும். நாலு பக்கமும் ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டு, மூலைக்கு மூலை ஒரே வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சுடுதுணியில் துடைக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு ஜப்பான்காரர் வந்து மூன்று மாதம் கூடவே நின்றார். அவருக்குத் தமிழில் தெரிந்தது இரண்டே சொல்: ‘மெதுவா’, ‘இன்னொரு தபா’.

டெலி சாண்ட்விச் வேறு சாதி. எள் ஒட்டிய தடித்த ரொட்டி. அடுப்பில் வாட்டிய கோழியைத் துணி மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவியதைத் தட்டையாக அடுக்கினால் அட்டையைக் கடிப்பது போல இருக்கும். மடித்து மடித்து வைத்தால்தான் பல்லுக்கு இதம். கடுகு விழுது, வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், சீஸ். காகிதத்தில் இறுக்கிச் சுற்றிப் பத்து நிமிஷம் சும்மா விட்டுவிட்டு, காகிதத்தோடு சேர்த்து இரண்டாக வெட்ட வேண்டும்.

வெட்டும்போது சிலது கோணிப்போகும். முட்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும், வெள்ளரிக்காய் எட்டிப் பார்க்கும். தின்பதற்கு ஒரு குறையும் கிடையாது, கடையில் வைக்கத்தான் ஆகாது. காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய வேலை ஒரு மணிக்கு முடியும்போது, சூப்பர்வைசர் வாசுதேவன் அந்தக் கோணல்களைப் பாக்கெட்டில் போட்டு, முட்டையில் ஒன்று, கோழியில் ஒன்று என்று தன் கையாலேயே ஆளுக்கு இரண்டு கொடுப்பார். வெட்டித் தள்ளிய ஓரங்கள் வேண்டுகிறவர்களுக்கு ஒரு பை நிறைய.

அந்த முதல் நாளில் ஜான்சன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கம்பெனி வேன் புதுப்பட்டினம் ரோட்டில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வீட்டுக்குச் சவுக்குத் தோப்பு வழியாகக் கால் மணி நடை. எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று முட்டை சாண்ட்விச்சைப் பிரித்தான். தோப்பு ஓரத்தில், இடிந்துபோன சுவரில் மிச்சமாக ஒரு மதில் கட்டை இருந்தது. அதில் உட்கார்ந்து ஒரு கடி கடித்தான். ரொட்டி பல்லில் படுவதற்கு முன்பே இல்லாமல் போனது. முட்டையில் லேசான இனிப்பு, பின்னாலேயே உப்பு, எங்கோ ஒரு புளிப்பு. வாய்க்கு எந்த வேலையும் வைக்காமல் தானாக உள்ளே போகிற சாப்பாட்டை அவன் அதுவரை தின்றதில்லை. அதை முடித்துவிட்டு, இன்னொன்று வீட்டுக்கு என்று சொல்லிக்கொண்டு எழுந்தான். பத்தடி நடந்தான். திரும்பி வந்து அதே கட்டையில் உட்கார்ந்து டெலி சாண்ட்விச்சையும் தின்றான்.

வீட்டில் அவன் அம்மா மேரி பையை வாங்கிப் பார்த்தாள்.

“இன்னாடா இது, வெறும் ஓரமா கீது?”

“இத்ததான் குடுப்பாங்க.”

“நடுவுல கீறது?”

“அது கடைக்குப் போயிடும்மா.”

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா கருப்பன் சிரித்தார். “கஞ்சப் பசங்க. சரி வுடு, டீக்குத் தொட்டுக்கலாம்.”

அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய், ‘இன்னிக்குத்தான் குடுத்தாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். அந்த வார்த்தையை அவன் தயாராகவே வைத்திருந்தான். சவுக்குத் தோப்பு வந்ததும் கால் தானாகக் கட்டைப் பக்கம் திரும்பியது. பசி ஒரு காரணம் என்று முதல் வாரம் சொல்லிக்கொண்டான். அப்புறம் காலையில் நாஸ்தா சாப்பிட்டுவிட்டே போனான், அப்போதும் திரும்பியது. உள்ளதைச் சொன்னால், அவனுக்கு அது பிடித்திருந்தது. பங்கு போடாமல் பிடித்திருந்தது.

ஜான்சன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில் நின்றவன். பதினோரு அரியர். அதன் பிறகு இரண்டு வருஷம் வீட்டில் படுத்துக் கிடந்தான். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மா கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்து அவனுக்குச் சோறு போட்டாள். அப்பா அதே குவார்ட்டர்ஸில் கான்ட்ராக்டில் புல் வெட்டுகிறவர். மகன் தூங்கும்போது சத்தம் வரக்கூடாதென்று விடியலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அந்த வீட்டில் அவன் தின்ற ஒவ்வொரு கவளமும் யாரோ பார்த்துக்கொண்டிருக்கத் தின்றதுதான். மதில் கட்டையில் யாரும் பார்க்கவில்லை.

பொய் எட்டு மாதம் ஓடியது. ஒரு பக்கம் பொய் சொன்னால் மறு பக்கமும் சொல்ல வேண்டியிருந்தது. ஓரம் வெட்டும் மேஜையில் அவனோடு நிற்கிற செங்கம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். அவள் தன் இரண்டு பாக்கெட்டை மூன்றாக்குவதற்குத் தினமும் ஒரு வழி பண்ணுவாள்.

“எங்க வூட்ல அடிச்சிக்கிதுங்கடா. உங்கம்மாவுக்குப் புடிச்சிருக்கா ஜான்சா?”

“ரொம்ப இஷ்டமா துன்னும்க்கா.”

“எது, முட்டையா கோழியா?”

“முட்டை.”

“பல்லு நோவாது, அதான்” என்பாள் செங்கம்மாள். அவன் கத்தியைத் துடைப்பான்.

வீட்டில் ஓரம் தினமும் ஒரு வேஷம் போட்டது. மேரி அதை வெங்காயம் போட்டுத் தாளித்தாள், சர்க்கரைப் பாகில் புரட்டினாள், காயவைத்து இடித்து மீன் பொரிக்கத் தூளாக்கினாள். பக்கத்து வீடுகளுக்கும் ஒரு கிண்ணம் போனது. “நம்ம பையன் கம்பெனி ரொட்டி” என்று சொல்லித்தான் கொடுப்பாள். ஜான்சன் தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வான். வேலை அலுப்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் மேரி ஒரு வெற்றுப் பாக்கெட்டோடு வந்தாள். அவள் வேலை பார்க்கும் வீட்டுப் பெண் சஹானா செங்கல்பட்டுப் பக்கம் போனபோது அந்த ஜப்பான் கடையில் வாங்கித் தின்றுவிட்டுப் போட்டது. முக்கோணப் பாக்கெட். கம்பெனி பெயர் போட்டிருந்தது.

“பாத்த உடனே சொல்லிட்டேன், இது எம்புள்ள பண்றதுன்னு” என்றாள் மேரி. “அந்தப் பொண்ணு, ‘அய்யோ ஆன்ட்டி, தெரிஞ்சிருந்தா ஒண்ணு வெச்சிருப்பேனே, ஆனா நீங்கதான் தினமும் துன்றீங்களே’ன்னுது. ஆமாம்மா தினமும்தான்னேன். பின்ன, ஓரம் துன்றோம்னு சொல்லிகினா இருப்பாங்க?”

பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். “கவுச்சி. ஆனாலும் ஒரு தபா வாயில வெச்சிப் பாக்கணும். ஏன்டா, ஒண்ணு வாங்கினா இன்னா ஆவும்?”

“நூத்தி அறுவது ரூவாம்மா.”

“அடி ஆத்தாடி.” அத்தோடு விட்டுவிட்டாள். மேரி எதையும் இரண்டாம் முறை கேட்கிறவள் இல்லை.

கருப்பன் விடவில்லை. கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அது பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. சின்ன வயதில் அவர் தன் அப்பாவோடு வயலில் அறுப்புக்குப் போனவர். ஊரார் நிலம், சாயங்காலம் களத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்பது கேவலம்தான். ஆனாலும் அறுத்தவன் வீட்டுக்கு ஒரு கட்டாவது போகும். போகாவிட்டால் கேட்கலாம், கேட்பது முறை. கான்ட்ராக்ட் வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கக்கூட மேரியைத்தான் அனுப்புவார். இத்தனை இருந்தும், தன் மகன் கையால் செய்வதில் ஒன்றுகூடத் தன் பெண்டாட்டி வாய்க்கு வரவில்லை என்பது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனிக்குப் புறப்பட்டார். ஜான்சனிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பான் என்று நினைத்தார். அந்த நினைப்பு சரிதான், காரணம்தான் வேறு.

மதியம் பன்னிரண்டரை. வாட்ச்மேன் துரை கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

“ஜான்சா! உங்க நைனா வந்துகீறாரு. ஆபீஸ்ல ஒக்காருன்னா ஒக்கார மாட்டேன்றாரு. நீயாவது சொல்லுப்பா.”

ஜான்சன் கையுறையோடே ஓடினான். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயம். ஆபீஸ் ரூம் வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. எங்கேயும் செருப்பைக் கழற்றாதே என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். உள்ளே கருப்பன் சர்ச்சுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில், தலையைப் படிய வாரி, மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். பேசத் தொடங்கிவிட்டிருந்தார்.

“...தெனம் ஓரம் குடுத்தனுப்பறீங்க சார், ரொம்ப சந்தோஷம். கொறையா சொல்லல. இவன் அம்மா மட்டும், நடுவுல கீறத ஒரு தபா பாக்கணும்னு ஆசப்படறா. எட்டு மாசம் ஆவுது, ஒண்ணுகூட வாயில வெச்சதில்ல. கோணலா போனதுன்னாலும் பரவால்ல சார்.”

வாசுதேவன் பேனாவைக் கீழே வைத்தார். “என்ன பெரியவரே சொல்றீங்க? தினம் ரெண்டு பாக்கெட் குடுக்கறமே. என் கையாலதான் குடுக்கறேன்.”

லேபிள் சுருள் வாங்க வந்த செங்கம்மாள் சுவரோரம் நின்றிருந்தாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. “ஏன் ஜான்சா, உங்கம்மாவுக்கு முட்டைன்னா உசுருன்னு சொல்லுவியே?”

கருப்பன் மகனைத் திரும்பிப் பார்த்தார். ஒரே பார்வை. அதில் கோபம் இருந்திருந்தால் ஜான்சன் ஏதாவது பேசியிருப்பான். கருப்பன் முகத்தில் இருந்தது, எண்ணெய்ச் செக்கு எங்கே சிக்கிக்கொண்டது என்று குனிந்து பார்க்கிறவன் முகம். பார்த்தார், கண்டுபிடித்துவிட்டார், நிமிர்ந்தார்.

“குடுக்கறீங்க சார், குடுக்கறீங்க” என்றார். திடீரென்று ஒரு இளிப்பு வந்து அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டது. “தப்பு எம்மேலதான். இவன் கொண்டாருவான். நான் வழில நின்னு வாங்கி ரெண்டையும் நானே துன்னுடுவேன். வூட்ல ஓரத்த மட்டும் காட்டுவேன். அவளுக்குத் தெரியாது.”

“அடப்பாவி” என்றாள் செங்கம்மாள்.

“அப்ப இவன் ஏன் அப்டி சொன்னான்?” என்றார் வாசுதேவன்.

“நைனா மானம் போவக்கூடாதுன்னு சொல்லிகினு இருந்திருப்பான் சார். புள்ள நல்ல புள்ள.”

“அப்புறம் எதுக்கு இங்க வந்து குடுக்கலேன்னு சொன்னீங்க?”

“மூணாவதா ஒண்ணு கெடச்சா அத்த அவளுக்குக் குடுத்துடலாம்னு வந்தேன் சார். புத்தி கெட்டுப்போச்சு.”

வாசுதேவன் முதலில் முறைத்தார், பிறகு சிரித்துவிட்டார். சிரித்தபடியே நன்றாக வைதார். இந்த வயதில் நாக்கு இவ்வளவு நீளமா, கட்டினவளுக்குக் கொடுக்காமல் தோப்பிலும் துரவிலும் நின்று தின்கிறவன் மனுஷனா என்று கேட்டார். தோப்பு என்று அவர் வாய்போக்கில் சொன்னதுதான். ஜான்சனுக்குக் காது சுட்டது. கருப்பன் ஒவ்வொரு கேள்விக்கும், “ஆமா சார், தப்புதான் சார்” என்று தலையாட்டினார். செங்கம்மாள் ஜான்சன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். “எப்டிடா எட்டு மாசம் உள்ளயே வெச்சிகினு இருந்த? என்னாண்ட சொல்லியிருக்கக் கூடாதா?”

இல்லை, நான்தான் தின்றேன். மூன்றே மூன்று சொல். ஜான்சனின் வாய்க்குள் அந்த மூன்றும் வரிசையாக நின்றன. பின்னால் கதவிடுக்கில் துரையின் முகமும் இன்னும் இரண்டு முகங்களும் தெரிந்தன. ஜான்சன் தலையிலிருந்த வலைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சும்மா நின்றான்.

வாசுதேவன் கோணல் தட்டிலிருந்து எடுக்கவில்லை. கடைக்குப் போகிற அட்டைப் பெட்டியைத் திறந்து, நல்ல முட்டை சாண்ட்விச்சாக ஒன்று எடுத்துக் கருப்பனிடம் கொடுத்தார். “இது அந்தம்மாவுக்கு. வழில கை வெச்ச, நாளைக்குக் கேட்டுருவேன்.” கருப்பன் இரண்டு கையாலும் வாங்கினார். இடுப்பு சற்று வளைந்தது.

ஒரு மணிக்கு ஜான்சனுக்கும் வழக்கம்போல இரண்டு வந்தன. “உங்க நைனா கண்ல காட்டாத” என்றார் வாசுதேவன். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று அவன் வேனில் ஏறவில்லை. அப்பாவோடு ரோட்டில் நின்று பஸ் பிடித்தான். இடம் இருந்தது, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கருப்பன் பாக்கெட்டை மடியில் வைத்து, நசுங்காமல் இரண்டு கையாலும் அணை கட்டியிருந்தார்.

“நைனா...”

“டிக்கெட் எடு.”

எடுத்தான். ஜன்னலில் சவுக்கும் மனைப் போர்டுகளும் மாறி மாறி ஓடின. பாதி வழியில் கருப்பன் பாக்கெட்டை மேலே தூக்கிப் பார்த்து, “இம்மாந்தூண்டு ரொட்டிக்கு எம்மாம் வேலப்பாடு” என்றார். நிஜமாகவே வியந்துதான் சொன்னார்.

புதுப்பட்டினத்தில் இறங்கினார்கள். சவுக்குத் தோப்பு வந்ததும் ஜான்சன் பையிலிருந்த இரண்டையும் எடுத்து அப்பாவிடம் நீட்டினான்.

“இத்தயும் அம்மாகிட்ட குடுத்துடு நைனா.”

“மூணு போனா, இன்னிக்கு மட்டும் எப்டி மூணுன்னு கேப்பா. அவளுக்கு நான் இன்னா சொல்றது?” கருப்பன் நின்று தோப்பைப் பார்த்தார். மதில் கட்டையைப் பார்த்தார். அதன் அடியில் முக்கோணப் பாக்கெட்டுகள் மண்ணில் பாதி புதைந்து, வெயிலில் வெளுத்து, குவியலாகக் கிடந்தன. எட்டு மாதத்துப் பாக்கெட்டுகள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

“நீ எப்பவும் இன்னா பண்ணுவியோ அத்த பண்ணு. பண்ணிட்டு வா.”

சொல்லிவிட்டு நடந்தார்.

ஜான்சன் கட்டையில் உட்கார்ந்தான். தூக்கி எறிந்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தான். ஆனால் கைக்குப் பழகிப் போயிருந்தது. அது பாட்டுக்குப் பாக்கெட்டின் நாக்கைப் பிடித்து இழுத்தது. பாதி உள்ளே போன பிறகுதான் தின்றுகொண்டிருப்பது உறைத்தது. அதற்கு மேல் மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அதையும் தின்றான். இன்னொன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு குனிந்து, மண்ணிலிருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அதே பையில் திணித்தான். பை நிறைந்தது, கீழே பாதிகூடக் குறையவில்லை.

பையை வாசலோடு வைத்துவிட்டு வீட்டுக்குள் போனபோது மேரி கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே எவர்சில்வர் தட்டு. அதில் இரண்டு முக்கோணங்கள், முகம் மேலே தெரியும்படி. இன்னும் தொடவில்லை.

“வாடா வா. உங்க நைனா கம்பெனிக்கே போயி வாங்கியாந்துகீறாரு. கேட்டவுடனே குடுத்துட்டாங்களாம். இத்தினி நாளா நீ வாயத் தொறந்து கேட்டியா?”

“நீ துன்னும்மா.”

“நீ வராம எப்டி துன்றது? ஒக்காரு.” அவள் ஒரு முக்கோணத்தை எடுத்து மகனிடம் நீட்டினாள். “எட்டு மாசமா தெனம் நின்னு பண்ற, ஒரு வாயி துன்னதில்ல. பாத்துகினே இருக்கறவனுக்கு எப்டி இருக்கும்? மொதல்ல நீ துன்னு.”

“எனக்கு வேணாம்மா. நைனாவுக்குக் குடு.”

“அவரு அங்கியே துன்னுட்டாராம்” என்றாள் மேரி. “நம்பறேன்னு நெனச்சிகினு கீறாரு.”

கருப்பன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். மகனைப் பார்க்கவில்லை. “துன்னுடா” என்றார். “அவ கை நோவுது.”

ஜான்சன் வாங்கிக் கடித்தான். வெண்ணெய் மூலை வரைக்கும் போயிருந்தது. அது காலையில் அவனே செய்ததாகக்கூட இருக்கலாம். வயிற்றில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதன்மேல் இது போய் உட்கார்ந்தது. அப்போதும் நன்றாகவே இருந்தது. மண்ணாகத் தெரிய வேண்டும், தொண்டையில் அடைக்க வேண்டும் என்று காத்திருந்தான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இனிப்பு வந்தது, உப்பு வந்தது, அந்தப் புளிப்பும் வந்தது.

மேரி தன் பங்கை இன்னும் தொடாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்டி கீது?”

“நல்லா கீதும்மா” என்றான்.